புதுப் பாய்க்குப் பொட்டு வைத்த வரலாறு

இந்நிகழ்ச்சியை நானே எழுதி வைப்பது கட்டாயமாகிவிட்டது. எங்கள் குடும்பத் திருமணங்களில் இது இரு வடிவங்களில் உலவுகிறது. ஒன்றில் நான் கடலில் விழுகிறேன். மற்றொன்றில் என் வேட்டி மட்டும் விழுகிறது. இரண்டும் பொய். நடந்தது அவற்றினும் கேவலமானது.

என் மகள் கயல்விழியும் அவளோடு ஈப்போவில் பணிபுரியும் ஓர் இளைஞரும் ஒருவரையொருவர் விரும்பினர். பெரியவர்கள் கூடி நாள் குறிப்பது மட்டுமே எஞ்சியிருந்தது. அதற்காகத் தாம்பூலத் தட்டுடன் நானும் மனைவியும் மகளும் லுமுட்டில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டோம்.

பழைய துறைமுகக் கரை அது. ஒருகாலத்தில் ரப்பர்க் கட்டுகள் அடுக்கியிருந்த கிடங்குகள் இன்று செல்வர் வாழும் மாடிவீடுகள். (என் தந்தை பீடோர் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். வாயிற்காவலர் எங்கள் காரை ஒருமுறை பார்த்துவிட்டு, வேலையாட்கள் நுழையும் வழியைக் காட்டினார்.) கீழே வெண்ணிறப் பாய்மரப் படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. பெரும்பாலானவை கடலுக்குப் போவதில்லையாம். அவை நின்ற இடத்திலிருந்து கடலைப் பார்க்கின்றன. உரிமையாளர்கள் மாடியிலிருந்து அவற்றைப் பார்க்கின்றனர்.

மாப்பிள்ளையின் தந்தை இராஜரத்தினம், ஓய்வுபெற்ற பல் மருத்துவர், உண்மையிலேயே படகோட்டுபவர். அவரைக் கண்டதும் நான் நாவாய், வங்கம், மீகாமன் என்று தொடங்கி, தமிழரின் கடலாண்மை குறித்து அரைமணி நேரம் பேசினேன். அதுவரை நான் ஏறிய ஒரே கலம் பங்கோர்த் தீவுப் படகு. அதிலும் பயணம் முழுவதும் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

“சாருக்கு இவ்வளவு தெரியுதே. புதுப் பாய் வந்திருக்கு, பத்து மாசம் காத்திருந்து வாங்கினது. அடுத்த வாரம் போட்டி இருக்கு. நீங்களே ஒரு பூசை செஞ்சிருங்களேன்” என்றார் அவர்.

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

மாப்பிள்ளையும் அவர் தாயாரும் உட்பட எல்லாரும் படகில் ஏறினோம். பாயை விரித்துவிட்டு, தேநீர் எடுத்துவர அவர் படகின் உள்ளறைக்குள் இறங்கினார். தோட்டத்து லோரி முதல் மாவரைக்கும் இயந்திரம் வரை, புதிதாக வந்த எதற்கும் பொட்டு வைத்தே பழகிய குடும்பம் எங்களுடையது. காற்று குங்குமத்தைப் பறக்கடித்ததால் அதை மஞ்சள்நீரில் குழைத்தேன். அத்துணைப் பெரிய பாய்க்கு விரல்நுனிப் பொட்டு போதாது என்று கருதி, உள்ளங்கை முழுவதையும் பயன்படுத்தினேன். பொட்டு சாப்பாட்டுத் தட்டளவு அமைந்தது.

தேநீர்த் தட்டுடன் மேலே வந்த இராஜரத்தினம் அப்படியே நின்றார்.

“சார், சூடம் காட்டுவீங்கன்னுதான் நினைச்சேன்.”

“பொட்டில்லாமல் பூசையா?” என்றேன், குரலில் எஞ்சியிருந்த புலமையோடு.

“அது பாய் சார். மாடு இல்ல.”

என் மனைவி என் காதருகே, “என்னாங்க, துடைங்க சீக்கிரம்” என்றாள். தாம்பூலத் தட்டிலிருந்த எலுமிச்சையை அறுத்துத் தேய்த்தேன். சிவப்பு மஞ்சளாகி இருமடங்கு பரவியது. அவள் கீழே ஓடிச் சோப்புக் கொண்டுவந்து தேய்த்தாள். மஞ்சள் மீண்டும் சிவந்தது. நடுவில் செம்மையும் ஓரங்களில் மஞ்சளுமாக ஒரு சூரியன் உதித்தது.

“போதும்லா, இன்னும் பெருசாக்காதீங்க” என்றார் இராஜரத்தினம். நாள் குறிக்கும் பேச்சு எழவேயில்லை. கயல் என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை கயிற்றில் ஒரே முடிச்சைப் போட்டும் அவிழ்த்தும் கொண்டிருந்தார். முப்பதாண்டுகள் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நான், என் ஒரே மகளின் வாழ்வை ஒரு கை குங்குமத்தால் கெடுத்துவிட்டேன் என்று உறுதியாக நம்பினேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் தாயார் சிரித்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு.

“இருபது வருஷமா இந்தப் படகைத் தொடைக்கக்கூட என்னை விட்டதில்ல அக்கா” என்றார் என் மனைவியிடம். “கைரேகை படும்னு சொல்வாரு. அண்ணன் வந்த அன்னைக்கே உள்ளங்கையோட வச்சிட்டாரு.” கணவர் பக்கம் திரும்பினார். “எனக்கு இந்த வீட்டுப் பொண்ணுதான் வேணும். நீங்க பாயை உலர்த்துங்க, நாங்க போய் நாள் பாக்குறோம்.”

அவ்வாறே நாள் பார்த்தனர். இராஜரத்தினம் படகிலேயே இருந்தார்.

வேறு பாய் இல்லாததால் அடுத்த வாரப் போட்டிக்கும் அதுவே விரிக்கப்பட்டது. கடைசியாக வந்த போதிலும், கரையிலிருந்தோர் தொடக்கம் முதல் இறுதிவரை கண்டுகொண்ட ஒரே படகு அதுதானாம். சம்பந்தி இன்றுவரை பாயை மாற்றவில்லை. உறவினர்கள்தாம் மாறிவிட்டனர்: கார், குளிர்பதனப் பெட்டி, எது வாங்கினாலும் முதலில் குங்குமச் சிமிழை ஒளித்து வைத்துவிட்டே எனக்குத் தெரிவிக்கின்றனர்.

படகின் உறுப்புகளையோ போட்டி முறைகளையோ நான் பிழைபடக் குறித்திருப்பின், அறிந்தோர் அன்புகூர்ந்து திருத்துக. கறை நீக்கும் வழிகளை மட்டும் எழுத வேண்டா. எல்லாவற்றையும் செய்து பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் அது சற்றே பெரிதாகிறது.