தாழ்ப்பாள் கொள்கை

மலை வளர்வதையும் மகத்தான அலுவலகக் கொள்கை வளர்வதையும் மனிதக் கண்ணால் பார்க்க முடியாது. இரண்டாவதைப் பார்க்கும் பாக்கியம் தட்டச்சர் அக்காவுக்கு வாய்த்தது. வேலைக்குச் சேர்ந்த வாரமே, பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் கேட்டு அவள் மனு எழுதியிருந்தாள்.

"தச்சரைக் கூப்பிட்டா பத்து நிமிஷ வேலை சார்."

மேலாளர் பரிதாபமாகப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணு போட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா. முதல்ல ஒரு கொள்கை வேணும்."

கொள்கை பிறந்தது, தவழ்ந்தது. முதலில் வந்தது "இருமல் முறை". வெளியே இருப்பவர் இரும வேண்டும், உள்ளே இருப்பவர் பதிலுக்கு இரும வேண்டும். சளிக்காலத்தில் நிலைமை கைமீறியதால் துணைக்குழு அமைந்தது. நான்காம் வருஷம் கதவில் ஒரு பலகை மாட்டினார்கள்: 'உள்ளே ஆள் இருக்கலாம்'. 'இருக்கிறார்' என்று உறுதியளிக்க அலுவலகச் சட்டப்பிரிவு ஒப்புக்கொள்ளவில்லை.

அக்கா காலையில் தண்ணீர் குடிப்பதை விட்டாள். சொந்த வீட்டில், தாழ்ப்பாள் போட்ட குளியலறைக்குள்ளேயும், அவள் கை தானாகக் கதவைப் பிடித்துக்கொண்டது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு குழு போட்டுவிடுவார்கள்.

பன்னிரண்டாம் வருஷம் இறுதிக் கொள்கை வெளியானது: "உள்ளே செல்பவர் கதவை ஒரு கையால் பற்றிக்கொள்ள வேண்டும்."

"இன்னிக்குத்தான் சார் புரிஞ்சுது," என்றாள் அக்கா. "பற்றிக் 'கொள்', 'கை'யால. அதான் கொள்கை."

மேலாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். இவ்வளவு புத்தியுள்ளவளை வீணாக்கலாமா? கண்காணிப்பாளராக உயர்த்தினார். தனி அறை, தனிக் கழிப்பறை, பளபளவென்று பித்தளைத் தாழ்ப்பாள்.

"இதுக்கு மட்டும் எப்படி சார்?"

"பத்து நிமிஷ வேலைம்மா."

மறுவாரம், அக்காவின் பழைய நாற்காலிக்கு வந்த புதுத் தட்டச்சர் கண்காணிப்பாளர் அறை வாசலில் நின்றாள். கையில் தண்ணீர் பாட்டில்.

"அக்கா, அங்க தாழ்ப்பாளே இல்லையே."

போட்டுவிடலாம் என்றுதான் அக்கா வாயைத் திறந்தாள். "உனக்கு ஒண்ணு போட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா," என்றது வாய்.

"அப்ப நீங்க எப்படிக்கா சமாளிச்சீங்க?"

அக்கா மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தாள். காலையிலிருந்து அது மூன்றாவது.

"தண்ணி குடிக்காதே."

அந்தப் பெண் பாட்டிலைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள். பன்னிரண்டு வருஷத்தில், குழுவே இல்லாமல் ஒரே நொடியில் அமலுக்கு வந்த கொள்கை அது ஒன்றுதான்.