யாருக்கும் அனுப்பாதே

மூன்றாம் மாடியில் இருந்த அத்தனை பேரும் கையேட்டுக்காரரை மன்னித்துவிட்டார்கள். மன்னிக்க வேண்டியவள் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

“என்ன பேசினீங்கன்னு தெரியல, இருந்தாலும் மன்னிச்சாச்சு” என்று எழுதியிருந்தார் கணக்குப் பிரிவு அம்மா. “விடுங்க சார், நான் மனசுல வெச்சுக்கல” என்றார், அவர் ஒருநாளும் பேசியிராத ஒருவர். “அப்ப என் குடையை எடுத்துட்டுப் போனது நீங்கதானா?” என்று கேட்டிருந்தார் இன்னொருவர்.

எல்லாம் தூதன் செய்த வேலை. அலுவலக அரட்டைக் குழுக்களில் தானாகவே செய்தி அனுப்பப் போகும் செயற்கை நுண்ணறிவுக்கு அந்தப் பெயர் வைத்திருந்தார்கள். அன்று காலைதான் சோதனை ஆரம்பம். எதை, யாருக்கு, எப்படி அனுப்புவது என்று அதற்குக் கையேடு எழுதுவது இவர் பொறுப்பு. மனிதர்கள் படிக்க அல்ல. தூதனே படித்து, வரிக்கு வரி அதன்படி நடக்க.

கையேடென்றால் எடுத்துக்காட்டு வேண்டும். அவர் மனதில் அன்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காலையில் காலுறையைத் தேடிய எரிச்சலில் மனைவியிடம், “நீ அப்படி என்ன பெரிய வேலை பாக்கறே? எழுதிக் குடுத்ததை அப்படியே செஞ்சு பாக்கறே. நாளைக்கே ஒரு மெஷின் அதைச் செஞ்சிடும்” என்று சொல்லித் தொலைத்திருந்தார். அவளுக்கு மூன்றாம் மாடியில் சோதனைப் பிரிவில் வேலை. அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியில் வரும்போதுகூட நடுவில் பையை வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவளுடைய அப்பா வருகிறார். மகள் முகம் வாடியிருந்தால் மனிதர் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்துவிடுவார். போன தடவை பஞ்சாயத்து முடிய ஒரு மாதம் ஆயிற்று.

அதனால்தான் அவர் நைசாக எழுதினார்: ‘எடுத்துக்காட்டு. பெறுநர்: மூன்றாம் மாடி. செய்தி: காலையில் பேசியது தப்பு. மன்னித்துவிடு.’ வரைவு எப்படியும் சோதனைப் பிரிவுக்குப் போகும், அவள் கண்ணில் பட்டால் போதும் என்று கணக்குப் போட்டார். தூதன் அதை மாடி முழுவதற்கும் அனுப்பிவிட்டது.

பொறியாளரைக் கூப்பிட்டார். தூதனை உருவாக்கியவர் அவர்தான்.

“தம்பி, உங்க தூதன் என் மானத்தை வாங்குது. கொஞ்சம் நிறுத்துங்க!”

“இணைப்பு வேலையில தலைகீழா நிக்கிறேன் சார். கையேட்டைத் திருத்துங்க, அது சரியாயிடும்.”

திருத்தினார். ‘அனுப்பும் முன் உரியவரிடம் அனுமதி கேட்கவும்.’

சற்று நேரத்தில் கட்டடம் முழுவதும் கைபேசிகள் கிணுகிணுத்தன. ‘கையேட்டுக்காரர் மன்னிப்புக் கேட்க விரும்புகிறார். கேட்கலாமா? ஆம், இல்லை. உரியவர் யார் என்று கையேட்டில் இல்லாததால் எல்லாரிடமும் கேட்கிறேன்.’

எல்லாரும் ‘ஆம்’ போட்டார்கள். ‘இல்லை’ என்று ஒரே ஒரு வாக்கு விழுந்தது. அது யாருடையது என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியை எழுதினார். ‘சந்தேகம் வந்தால் எல்லாரையும் தொந்தரவு செய்யாமல் மேலதிகாரி ஒருவரை மட்டும் கேட்கவும்.’

உடனே மேலாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“என்னய்யா இது? ‘இவர் மனைவியிடம் காலையில் என்ன பேசினார், அது மன்னிக்கக்கூடியதா’ன்னு தூதன் என்னைக் கேக்குது. நான் என்னன்னு பதில் போட?”

அவர் காலையில் பேசியதை அப்படியே சொன்னார். மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அடப்பாவி! அதை வீட்டுலயா சொன்னே? காலுறை கிடைச்சுதா?”

“இல்ல சார்.”

“கிடைக்காது. இனிமே எதுவும் கிடைக்காது.” எழுந்து போகும்போது தோளில் தட்டிவிட்டுப் போனார், துக்க வீட்டில் தட்டுவதுபோல.

மதியச் சாப்பாட்டு வேளையில் தூதனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மெஷினுக்கும் பசிக்குமோ என்று நினைத்தபடி பொட்டலத்தைப் பிரித்தார். பிரித்தது பிரித்தபடி கிடந்தது. கடைசியில் தூதனுக்கே நேராக எழுதினார்: ‘கொஞ்சம் பொது அறிவைப் பயன்படுத்தேன்!’

பதில் நிதானமாக வந்தது. ‘பொது அறிவு பற்றிய பகுதி கையேட்டில் இல்லை. எழுதினால் படித்துக்கொள்கிறேன்.’

அவர் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு எழுதினார்.

‘பொது அறிவு என்பது என் மனைவியிடம் இருப்பது. நான் இதுவரை எழுதிய கையேடுகளில் எல்லாம் ஓட்டைகள் இருந்தன. அவள் அவற்றை அப்படியே செய்து பார்த்து, விழுந்து எழுந்து, நான் எழுத மறந்ததை எழுதச் சொன்னாள். நல்ல பெயரை நான் எடுத்துக்கொண்டேன். அவள் இடத்தில் மெஷின் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று இன்று ஒரே நாளில் பார்த்துவிட்டேன். இது தூதனுக்கு மட்டும். யாருக்கும் அனுப்பாதே.’

இந்தத் தடவை பதில் வர ரொம்ப நேரமாயிற்று.

‘படித்தேன். யாருக்கும் அனுப்பவில்லை.’

அவர் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நாளெல்லாம் அனுப்பக் கூடாததையெல்லாம் அனுப்பிய சனியன், அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய ஒன்றே ஒன்றை மட்டும், சொன்ன பேச்சு கேட்டு, அமுக்கிவிட்டது.

மாலையில் தூக்குக்குப் போகிறவர்போலப் படியிறங்கினார். வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு, அடக்கியும் அடங்காமல்.

“என்னங்க, அப்பா வர்ற நேரமாச்சு. கிளம்பலாமா?”

அவருக்குக் காதுகளை நம்ப முடியவில்லை. “கோவம்?”

“அது மத்தியானமே போச்சு.” பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பை இப்போது தோளில் இருந்தது.

“எப்படிப் போச்சு? நான் ஒண்ணுமே சொல்லலையே!”

அவள் பதில் சொல்வதற்குள் பொறியாளர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“அக்கா, நாளையிலேருந்து தூதன் பேர்ல நீங்க உக்காந்து தட்ட வேண்டாம், நிஜ மெஷினை இப்பதான் இணைச்சு முடிச்சேன்!”