எண்பத்தெட்டு கிலோ பேரன்

"பேரனுக்கு எத்தனை வயசு சார்?" என்று கடைக்காரி செராய்னா கேட்ட பிறகுதான், பொய்யை முழுசாகத் தயார் செய்யாமல் வந்துவிட்டது அலோயிஸ் ஷேரருக்கு உறைத்தது.

"எட்டு" என்றார்.

அவருக்குப் பேரனே கிடையாது. இருந்ததெல்லாம் வலிக்கிற முழங்காலும், தண்டவாள வேலைக்காக மூடிய டிராம் நிறுத்தமும்தான். ரயிலடி வரை நடப்பதற்குள் கால் கெஞ்சியது. சூரிச்சில் கோட்டு போட்ட வங்கி மேனேஜர்களே காலால் உந்துகிற ஸ்கூட்டரில் பறக்கிறார்கள். அவருக்கும் ஒன்று வேண்டும். ஆனால் அவர் குடியிருப்புச் சங்கத் தலைவர் ஆயிற்றே! 'முற்றத்தில் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது' என்று துணி துவைக்கும் அறையில் அறிவிப்பு ஒட்டிய மகானே அவர்தான். விஷயம் கசிந்தால் ஐந்து மாடியும் சிரிக்கும், பதவியும் போய்விடும்.

செராய்னா ஒரு நீலக் குட்டி வண்டியை எடுத்து வைத்தாள்.

"இது அவனுக்குச் சின்னது."

"என்ன உயரம் இருப்பான்?"

"என் உயரம்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எட்டு வயசுலயா?"

"எங்க குடும்பமே வாட்டசாட்டம்மா."

"வெயிட்? இது அம்பது கிலோதான் தாங்கும்."

"எண்பத்தெட்டு."

"அம்மாடி! என்ன சார் போட்டு வளக்கறீங்க?"

"சீஸ்தான். முழங்கால் வலி வேற அவனுக்கு."

"ஐயோ பாவம், இந்த வயசுலயே!" என்றவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு பெரிய வண்டி ஒன்றை உருட்டி வந்தாள். "அப்ப பெரிய சக்கரம்தான் சார். சின்னச் சக்கரம்னா கல்லு பாவின தெருவுல பல்லு ஆடிடும். கைப்பிடி இடுப்புக்கு வரணும், குனிஞ்சு ஓட்டினா முதுகு போயிடும். நிக்கற தட்டு தரையோட தாழ்வா இருந்தாதான் முழங்காலுக்குச் சுகம். ரயில்ல ஏத்தணும்னா மடிச்சுக்கலாம். பையனைக் கூட்டிட்டு வாங்க, ஓட்டிப் பாக்கட்டும்."

"ஸ்கூலுக்குப் போயிருக்கான். அவனுக்காக நானே பாத்துடறேன்."

வாசலில் ஒரு உந்து உந்தினார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு உந்து. முகத்தில் காற்று அடித்தது. முழங்கால் மூச்சு விடவில்லை. ஆகா, இதுவல்லவா வண்டி! பெட்ரோல் இல்லை, சார்ஜ் இல்லை, ஒரு காலும் கொஞ்சம் ஆசையும் போதும். மனிதன் கண்டுபிடித்ததிலேயே உருப்படியானது இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. சந்தோஷத்தில் விசில் கூட அடித்தார்.

"ஷேரர் சார்?"

மூன்றாம் மாடி ஓடர்மாட் அம்மாள்! ஸ்கூட்டர் சத்தம் மண்டையைக் குடைகிறது என்று அவரை நச்சரித்து அந்தத் தடையைப் போட வைத்தவளே அவள்தான். ஷேரர் வண்டியோடு கடைக்குள் பாய்ந்தார். அவளும் விடாமல் உள்ளே வந்தாள்.

"இது... பேரனுக்கு மேடம்."

"உங்களுக்கு ஏது பேரன்? பிள்ளையே கிடையாதே!"

"பேரன்னா... சர்ச்சுல ஏத்துக்கிட்ட ஞானமகன்."

"ஞானஸ்நானத்துக்கு நீங்க யாரையும் தூக்கினதா கேள்விப்படலையே?"

"எண்பத்தெட்டு கிலோவை எப்படி மேடம் தூக்குவாரு?" என்றாள் செராய்னா.

ஷேரர் தளர்ந்துபோனார். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? "எனக்குத்தான் மேடம். கால் முடியலை. ஓட்டிப் பாத்தேன், சொர்க்கமா இருக்கு. தயவுசெஞ்சு குடியிருப்புல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ஓடர்மாட் அம்மாள் முகவாயை நிமிர்த்தினாள். "சட்டம் போட்ட தலைவரே இந்த லட்சணமா? நாளைக்கே கூட்டத்தைக் கூட்டறேன். வேற தலைவரைப் பாத்துக்கறோம்."

ஷேரர் கைப்பிடியை விட மனமில்லாமல் பிடித்தபடி நின்றார். அப்போது பின்கட்டிலிருந்து மெக்கானிக் புரூனோ ஒரு சிவப்பு ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தான்.

"ஓடர்மாட் மேடம், உங்க பேத்தி வண்டி ரெடி! எழுபத்தாறு கிலோ குழந்தை ஆச்சே, பிரேக் தேஞ்சே போச்சு."