வியாகுலம் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள்

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
21-3-1962

பட்டணத்தில் கோட்டை உத்தியோகம் பார்க்கும் மதிப்பிற்குரிய மச்சான் அமிர்தராஜ் அவர்களுக்கு, ஸ்தனிஸ்லாஸ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் வீட்டில் இருப்பது நான் ஒருத்தன், நானும் நலமில்லை. உங்கள் தங்கை வியாகுலம்மாள் ஜெயிலில் இருக்கிறாள். அவள் நலமாகத்தான் இருக்கிறாள், அதுதான் என் கவலை.

முதலிலிருந்து சொல்கிறேன். போன மாதம் ஓட்டுப் போடுகிற அன்று, பண்டிகைப் பூசைக்குக் கட்டுகிற பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு சாவடிக்குப் போனாள். அங்கே இருந்தவர், "வியாகுலம்மாள் காலையிலேயே வந்து போட்டுட்டுப் போயிட்டாங்களே" என்றிருக்கிறார். "நான்தாங்க வியாகுலம்மாள்" என்று இவள் சொல்ல, "அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க" என்றாராம். இவளுக்கு மட்டுமா, எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் ஓட்டை யாரோ புண்ணியவதிகள் முன்கூட்டியே போட்டு உபகாரம் செய்திருந்தார்கள். ஓட்டு எண்ணி முடிந்து, ஜெயித்தவர் மாலையும் கழுத்துமாக டில்லிக்கு ரயிலேறிய மறுநாளே, இந்தப் பெண்கள் எல்லாரும் மை படாத இடது கை விரலைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் கிளம்பிவிட்டார்கள். நீ தடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் வெளியே போயிட்டு வரேங்க, அடுப்புல ரசம் இருக்கு, நுரை கட்டினா இறக்கிடுங்க" என்றாள். மார்க்கெட்டுக்குத்தான் போகிறாள் என்று இருந்துவிட்டேன். ரசம் தீய்ந்துபோனது. தென்னூர் பக்கம் போலீஸ் மறித்துத் தடியை எடுத்துவிட்டதாகச் சேதி வந்து, நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ரோட்டில் ஆளே இல்லை, செருப்புகள்தான் ஒற்றை ஒற்றையாகக் கிடந்தன. வியாகுலத்தின் செருப்பில் ஒன்று கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்று அழுதேன் மச்சான்.

அதற்கப்புறம் ஊருக்கு நூற்று நாற்பத்து நாலு தடை போட்டுவிட்டார்கள். சந்தேகப்பட்டவர்களைத் தெருமுனையில் நிறுத்தி விரலைப் பார்க்கிறார்கள். மை இல்லாதவன் ஊர்வலத்துக்காரன் என்று கணக்கு. நான் ஒழுங்காக ஓட்டுப் போட்டவன்தான். ஆனால் ஒரு மாதமாகக் குளித்துத் தொலைத்ததில் மை மங்கிப்போய்விட்டது. நம் துணி வெளுக்கும் காத்தானிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "இதுக்கு ஏன் பயப்படறீங்க? துணிக்குக் குறி போடற சேராங்கொட்டை இருக்கு, வேட்டி கிழிஞ்சாலும் குறி அழியாது" என்று விரலில் ஒரு கோடு இழுத்துவிட்டான். அழியத்தான் இல்லை. ராத்திரிக்குள் விரல் கொப்பளித்துக் கத்திரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு போனால் போலீஸ்காரர் விடுவாரா? "கட்டை அவுருங்க பெரியவரே" என்றார். அவிழ்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓட்டை ரொம்ப அழுத்திப் போட்டுட்டீங்களா?" என்றார். அன்றைக்குச் சிரித்த ஒரே ஆள் அவர்தான்.

ஸ்ரீரங்கத்தில் சடகோபன் என்று ஒரு வக்கீல் இருக்கிறார் என்று பஸ் ஏறிப் போனேன். அவர் பெருமாள் சேவைக்குக் கோயிலுக்குக் கிளம்புகிற அவசரத்தில், "ஓய், இது ஒரு பெரிய காரியமா? தெரியாமல் கலந்துகொண்டேன், மன்னிக்கவும்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லும். அன்னிக்கே அகத்துக்கு வந்துடுவா. மத்ததை எம்பெருமான் பார்த்துப்பான்" என்றார். ஜெயிலுக்குப் போய் இதைச் சொன்னேன். வியாகுலத்துக்கு மணிக்கட்டில் தடியடி, நீலம் பாரித்திருக்கிறது. ஆனால் குரல் மட்டும் கொஞ்சமும் இறங்கவில்லை. "என் ஓட்டை ஒருத்தி எடுத்துப் போட்டா. மன்னிப்பையும் அவளே எழுதிக் கொடுக்கட்டும்" என்கிறாள். இவளை எப்படி இளக்குவது என்று யோசித்து, நான் படுகிற பாட்டையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். வடித்த சோறு களியானது, பால் பொங்கி அடுப்பு அணைந்தது, ரெண்டு நாளாக வெறும் வாழைப்பழம், நான் தவக்காலத்துக்கு ஒருசந்தி விரதம் இருப்பதாகத் தெருவே மெச்சுகிறது என்றெல்லாம் சொன்னேன். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை என்று எழுந்து நின்று காட்டவும் செய்தேன். அவள் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரமாகிவிட்டது என்று வார்டர் கூப்பிட்டதும், "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். அசைந்தே கொடுக்கவில்லை.

ஆகவே மச்சான், இந்தக் கடிதத்தைத் தந்தியாகப் பாவித்து உடனே ரயிலேறவும். அவள் பயப்படுவது இந்த உலகத்தில் உங்கள் ஒருத்தருக்குத்தான். அண்ணன் என்ற முறையில் நாலு வார்த்தை உரக்கச் சொல்லி ஒரு கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கௌரவம், நியாயம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீடு வீடாக இல்லை மச்சான். சாயங்காலம் தனியாகச் செபமாலை சொல்ல முடியவில்லை, பாதி செபம் அவள் சொல்ல வேண்டியது.

தங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் அனைவரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
வெந்நீர் வைக்கவும் வகையில்லாத தங்கள் மைத்துனன்,
ஸ்தனிஸ்லாஸ்

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது வாசலில் ஜட்கா வந்து நின்றது. வியாகுலம் இறங்கினாள். கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். "ஏன் போட்டே?" என்று கேட்டேன். "நீங்க சாப்பிடலைன்னீங்களே" என்றாள். நேரே உள்ளே போய் உலை வைத்தாள். நான் ரெண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டேன் மச்சான், என்ன செய்ய, பசி. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் வந்து கூப்பிட்டார்கள், தலைவலி என்று சொல்லி அனுப்பச் சொன்னாள். நீங்கள் புறப்பட வேண்டாம். எப்போதாவது வந்தாலும் கையெழுத்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாம். அவளோடு பிடிபட்ட பெண்கள் அத்தனை பேரும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். போட்டவள் இவள் ஒருத்திதான்.