கலப்பு முறைக்கு நீங்களே பொறுப்பு, மாப்பிள்ளை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன், ஆரம்பப் பள்ளிக் கணினி வாத்தியார், எழுதிக்கொள்வது. இங்கே உடம்புக்கு எல்லோரும் சௌக்கியம், மனசுக்குத்தான் இல்லை. நீங்களும் என் தங்கையும் நலமாக இருக்க வேண்டும். குடும்பத்தில் யாராவது நலமாக இருக்க வேண்டுமே.

போன மாதம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தீர்கள். கை கழுவிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னீர்கள்: "இன்னுமா கரும்பலகையில மவுஸ் படம் வரைஞ்சு பாடம் நடத்துறீங்க மச்சான்? எங்க ஆபீஸ்ல விற்பனைப் பசங்களுக்கெல்லாம் கலப்பு முறைதான். விளக்கத்தை வீடியோவா வீட்டுக்கு அனுப்பிடுங்க, வகுப்புல கை வேலை மட்டும் செய்யட்டும்." வீட்டு மாப்பிள்ளை சொல்லைத் தட்டலாமா? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

கணினி அறையைக் காலி செய்து, உடைந்த பெஞ்சுகளைப் போட வேண்டும் என்று தலைமையாசிரியை வெகு நாளாக அதன்மேல் கண் வைத்திருக்கிறார். அறை போனால் நான் விளையாட்டு வாத்தியார். என் முழங்கால் லட்சணம் உங்களுக்குத் தெரியும். இன்று கல்வித் துறை மேலதிகாரி அம்மா வந்து பார்த்துச் சொல்வதுதான் முடிவு என்றார்கள். அவரும் வந்தார், பார்த்தார். இப்போது இருவரும் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள். நான் இங்கே உட்காருகிறேன், எழுகிறேன், சுவரில் காது வைக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். கையெழுத்து ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ அனுப்பினேன் மாப்பிள்ளை. ஆனால் பாதி வீடுகளில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது, அதனால் பாடத்தை அப்பாக்கள் பார்த்தார்கள். வாடகை வண்டி ஓட்டும் ஒருவர் வாசலில் என்னை மறித்து, "சார், கோப்பைச் சேமிக்கிற பாடம் பிரமாதம், அடுத்தது எப்ப வரும்?" என்கிறார், அவர் மகனோ கோப்பை என்றால் டீ குடிக்கவா என்று பார்க்கிறான். சரி, வகுப்பைக் குழுக்களாகப் பிரிப்போம் என்று ஒரு குழுவைக் கணினியில் உட்கார வைத்து, இன்னொன்றிடம் அம்புக்குறி அட்டைகளைக் கொடுத்து, தரையில் அடுக்குங்கள், அம்பு காட்டுகிற வழியில் நடங்கள், கட்டளை என்றால் என்னவென்று புரியும் என்றேன், நன்றாகவே புரிந்துவிட்டது, வராந்தா முழுக்க அட்டையை அடுக்கித் தலைமையாசிரியை மேஜைக்கு அடியில் போய் நின்றார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதைச் சொல்லி முடியாது.

இன்றைக்கு வம்பே வேண்டாம் என்று வீடியோவையும் வகுப்பிலேயே போட்டேன். "வீடியோ சொல்றத வரிசை மாறாம செய்யணும், குறுக்குக் கேள்வி கூடாது"ன்னு கண்டிப்பா சொல்லியும் வச்சேன். வீட்டில் எடுத்த வீடியோ அது. என் குரல் எனக்கே சகிக்காது, அதனால் முழுசாகப் பார்க்கவில்லை. பிள்ளைகள் கணினியில் வீடு வரைந்தார்கள், கூரைக்குச் சிவப்பு அடித்தார்கள், அதிகாரி அம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்போது வீடியோவுக்குள்ளிருந்து என் வீட்டுக்காரி குரல்: "போதும், எல்லாத்தையும் மூடிட்டு வந்து சாப்பிடுங்க. எத்தனை தடவ கூப்பிடுறது?" தொடர்ந்து என் குரல், "இதோ வர்றேன்மா."

அவ்வளவுதான். அத்தனை பிள்ளைகளும் படத்தைச் சேமித்து, கணினியை நிறுத்தி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டார்கள். முதல் பாடவேளை மாப்பிள்ளை, காலை வெயில்கூட ஜன்னலுக்கு வரவில்லை.

அதிகாரி அம்மா முன் வரிசைச் சிறுமியிடம், "ஏம்மா மூடிட்ட?" என்றார்.

"வீடியோல அத்தை சொன்னாங்க மேடம். சார்கூட கேட்டுக்கிட்டாரே."

தலைமையாசிரியை அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பெஞ்சு எத்தனை கொள்ளும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

நீங்கள் மாப்பிள்ளை, உங்களைக் கோபித்துக்கொண்டால் தங்கை என்னோடு பேச மாட்டாள். அதனால் கோபம் இல்லை. ஆனால் இது முழுக்க உங்கள் யோசனை, இதற்கு நீங்கள்தான் வழி செய்யணும். உங்க ஆபீஸ்ல உட்கார்ந்து பார்க்கிற வேலை எதுவா இருந்தாலும் சரி, நாளைக்கே வரேன். எனக்குப் பயமாக இருக்கிறது, இந்த அறையை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. இல்லை, காற்று.

தங்கைக்கு என் ஆசிகள். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று எழுதுங்கள். எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
நொந்துபோன மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அதிகாரி அம்மா வந்துவிட்டார். மற்றப் பள்ளிகளில் மணி அடித்தால் பிள்ளைகள் சுவிட்சைப் பட்டென்று அணைத்துவிட்டு ஓடுகிறார்களாம், இங்கேதான் ஒரு பிள்ளை தவறாமல் சேமித்து முறைப்படி நிறுத்தினார்களாம். அறை நம்முடையதே. அடுத்த மாதம் வேறு பள்ளி ஆசிரியர்கள் என் வகுப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வருகிறார்கள், ஆகவே வேலை விஷயத்தை மறந்துவிடுங்கள். "இந்த முறைய யார் சார் சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். நானே யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிவிட்டேன். எங்காவது பேச்சு வந்தால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.