என் இருமல் விஷயமாக மைத்துனருக்கு

பாளையங்கோட்டை,
1913 ஆகஸ்டு 14

கொழும்பு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராயிருக்கும் பிரிய மைத்துனர் சாலமோனுக்கு, வாத்தியார் நேசையா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உம்முடைய அக்காள் எலிசபெத்தும் மகள் பியூலாவும் சுகம். உம்முடைய சுகத்துக்கும் அவ்வண்ணமே ஜெபிக்கிறோம்.

சுகம் என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. நாலு மாதமாக இருமுகிறீரே, ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று மூன்று கடிதம் போட்டீர். சொல்கிறேன், கேளும்.

சித்திரையில் இருமல் தொடங்கியபோது சாக்குக்கட்டித் தூள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள், கரும்பலகையைத் தொடவில்லை, இருமல் மட்டும் லீவு எடுக்கவில்லை. வைத்தியர் பிச்சைக்கண்ணு நாடி பார்த்து, "ஒண்ணுமில்ல வே, வெறும் சூடு" என்று ஆடாதோடைக் கஷாயம் கொடுத்தார். 'ஒண்ணுமில்ல' என்ற சொல் அவ்வளவு இனிப்பாயிருந்ததால் கசப்பே தெரியாமல் மூன்று சட்டி குடித்தேன். பக்கத்து வீட்டு முகம்மது மைதீன் அண்ணாச்சி கடற்காற்று நல்லது என்றார். புன்னக்காயலுக்குப் போய் நாலு நாள் இருந்தேன். மீன் நன்றாயிருந்தது. இருமலும் நன்றாகவே இருந்தது.

அதற்குள் பியூலாவுக்குச் சம்பந்தம் வந்துவிட்டது. தகப்பனுக்கு க்ஷயமாம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், எந்த வீட்டில் பெண் எடுப்பார்கள்? பள்ளிக்கூடத்துக்குத்தான் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? டாக்டரிடம் போகாதவரை எனக்கு வெறும் இருமல். போனால் அவர் அதற்கு ஒரு பேர் வைத்துவிடுவார். அதனால் போகவில்லை.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் பாக்கியசீலன், தாலுகா கச்சேரி குமாஸ்தா. வாயில் கற்கண்டை அடக்கிக்கொண்டு அவர் எதிரில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தாங்காமல் தொழுவுக்கு ஓடி, ஆசை தீர இருமிவிட்டுத் திரும்பினேன். "எருமைக்குச் சளி" என்றேன். "பாவம்" என்றவர், சிறிது நேரத்தில் முகமெல்லாம் சிவந்து, "நானும் அதை ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து போனார். எருமை மறுபடி பலமாக இருமியது. இவ்வளவு இரக்கமுள்ள சம்பந்தி கிடைத்தாரே என்று நான் தேவனை ஸ்தோத்திரித்தேன்.

போன வாரம் எச்சிலில் சிவப்பு கண்டது. வெற்றிலைச் சாறு என்று சொல்லிக்கொண்டேன். நான் வெற்றிலை போடுகிறவனில்லை. அன்றைக்குத்தான் டாக்டரிடம் போவதென்று முடிவு செய்தேன், சாலமோன். உள்ளூர் ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, கல்யாணத்துக்கு அப்பளம் வாங்கப்போவதாக எலிசபெத்திடம் சொல்லிவிட்டுக் கல்லிடைக்குறிச்சிக்கு ரயிலேறினேன். அங்கே டாக்டர் வீட்டு நடையில் ஒருவர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் என் குடையை விரித்தேன். அந்தக் குடை இருமியது. கேட்ட குரலாயிருந்தது. எங்கள் எருமை.

"அப்பளம் வாங்க வந்தேன்" என்றேன்.

"நானும் அப்பளந்தான் வே" என்றார் பாக்கியசீலன்.

இரண்டு பேரும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, டாக்டரே வெளியே வந்து எங்களை உள்ளே கூட்டிப்போனார். பாக்கியசீலனுக்குச் சுருட்டு இருமல்தான். எனக்கு நெஞ்சைத் தட்டி, சளியைக் கண்ணாடியில் தடவிப் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்து, வலது நெஞ்சின் மேல்பக்கம் நோய் பிடித்திருக்கிறது என்றார்.

"நாலு மாசம் முந்தியே வந்திருக்கலாமே?"

"அப்பம் எனக்கு ஒண்ணுமில்லையே டாக்டர்."

ஆறு மாதம் காற்றோட்டமாகப் படுக்கை, பாலும் முட்டையும், தனித் தம்ளர், வாயை மூடி இருமல். பேர் வைத்துவிட்டார், ஆனால் கூரை இடிந்து விழவில்லை. திரும்பும் ரயிலில், சம்பந்தம் போயிற்று என்று நான் தலை கவிழ்ந்திருக்க, பாக்கியசீலன் மடியில் அப்பளக்கட்டோடு சொன்னார்: "பேசுனது பேசுனதுதான். நீரு படுத்துக்கிட்டே ஆசீர்வாதம் பண்ணும்." கண்ணைத் துடைத்ததை மறைக்கக் குடை உதவியது.

பெண்களுக்கு மட்டும் இது தெரியக்கூடாது. எலிசபெத் பயந்தவள், தாங்கமாட்டாள். கர்த்தர் உம்மைக் கண்மணிபோலக் காப்பாராக.

உம்முடைய அத்தான்
நேசையா

பி.கு.: தம்பி, இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டும்படி அத்தான் என்னிடமே கொடுத்தார்கள், வாசித்தேன். துணி துவைக்கிறவள் நான். அத்தான் போன வாரம் கண்ட சிவப்பை நான் ஆனி மாதமே கண்டுவிட்டேன். சொன்னால் பயந்துபோவார்களே என்று சும்மா இருந்தேன். எனக்கும் பத்து நாளாகச் சாயங்காலமானால் காய்ச்சலும் இருமலும் வருகிறது. அடுப்புப் புகைதான், வேறொன்றுமில்லை. கல்யாணம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம். அத்தானுக்கு எழுதிவிடாதே. எலிசபெத்.