பட்டாளத்துத் தாத்தாவின் மீசை

மணிமங்கலம்,
ஆகஸ்ட் 2006

சௌபாக்கியவதி லீலாவுக்கு அண்ணன் நாகப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. ஜபல்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்விடம் நானும், கூடத்துப் படத்தில் இருக்கும் நம் கொள்ளுத்தாத்தாக்கள் மூவரும் போன செவ்வாய்க்கிழமை வரை நலமாகத்தான் இருந்தோம்.

பதறாதே, சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி மேல் கம்பெனியாக வருகிறதே, அங்கே வேலை பார்க்கும் தெற்கத்திப் பெண்களுக்கு மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதில் முத்துச்செல்வி என்று ஒருத்தி, ஷிப்டுக்குக் கிளம்பும்போது படத்தைப் பார்த்து, "என்னய்யா, மூணு பேரும் கரி மூட்டம் போட்டவுக மாதிரி இருக்காவ?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இவர் பர்மாச் சண்டைக்குப் போன சுபேதார், இவர் செங்கல்பட்டுக் கோர்ட்டையே நடுங்கவைத்த வக்கீல், நடுவில் இருப்பவர்தான் மூவரையும் வரைந்த சித்திரக்காரத் தாத்தா, துரைமார்கள் அவர் வாசலில் காத்துக்கிடந்தார்கள் என்று நான் ஆரம்பிப்பதற்குள் கம்பெனி பஸ் வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது.

ரோஷம் தணியாமல், படத்தில் படிந்த புகைக்கரியைத் துடைக்க, ஷேர் ஆட்டோக்களுக்குப் பேர் எழுதும் ரத்தினத்தைக் கூப்பிட்டேன். "இன்னா சார் இது, ஒரு துணி, ஒரு சொட்டு தின்னர், மேட்டர் ஓவர்" என்று சுபேதாரின் மூக்குக்குக் கீழே ஒரே இழுப்பு. ஐயோ லீலா, மீசை துணியோடு வந்துவிட்டது! நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாற்காலி அங்கே இல்லை. ரத்தினம் என்னைத் தூக்கிக்கொண்டே, "பயப்படாத சார், இத்த அப்பால எவனோ வரைஞ்சிகிறான். ஒரிஜினல் அடில கீது. வோணும்னா புச்சா ஒண்ணு போட்டுடலாம், பளபளன்னு இருக்கும்" என்றான். வக்கீல் தாத்தாவின் வேலையாகத்தான் இருக்கும். சாட்சியைத் திருத்துவதில் அவர் கெட்டிக்காரராம்.

சாயங்காலம் முத்துச்செல்வி திரும்பி வந்து படத்தின் முன்னால் நின்றாள்.

"யாருய்யா இந்தம்மா? மிலிட்டரில இருந்தாவளா?"

அப்போதுதான் மீசையில்லாத சுபேதாரை நானும் சரியாகப் பார்த்தேன். அதே அழுத்திய உதடு, அழுகையை விழுங்கும்போது ஒரு பக்கம் மட்டும் உள்ளே ஒடுங்கும் கன்னம். ராணுவ நர்ஸ் வேலைக்கு ரயில் ஏறியபோது ஜன்னலோரம் நீ அப்படித்தான் உட்கார்ந்திருந்தாய்.

"என் தங்கச்சி" என்றேன்.

"ஊருக்கு வந்து ரொம்ப நாளாச்சோ?"

நான் படத்தின் சட்டத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். சுபேதாருக்கு அப்புறம் நம் குடும்பத்தில் பட்டாளமே இல்லை என்று அப்பா கடைசி வரை குறைப்பட்டுக்கொண்டார், கேப்டன் லீலாவைப் பெற்றுவைத்துக்கொண்டு! இப்போதெல்லாம் படத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். நேற்று கைமறதியாக இரண்டு டம்ளரில் காப்பி ஆற்றிவிட்டேன்.

இதற்காக நீ புறப்பட்டு வரவேண்டாம். என்னாலும் அங்கே வரமுடியாது. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும், ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்குக் கதவு திறக்க வேண்டும், ரயிலில் எனக்குத் தூக்கம் வராது, ஹிந்தி சுத்தமாக வராது. இருக்கிற இடத்திலேயே இருவரும் நன்றாக இருப்போம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உனக்கு முழங்கால் வலி இல்லாத நூறு வயசு.

உன் அண்ணன்,
நாகப்பன்

பின்குறிப்பு: அங்கே வரமுடியாது என்று எழுதியதை நம்பாதே. தபாலில் போடச் சொல்லி முத்துச்செல்வியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, ரயில் டிக்கெட்டையும் சேர்த்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "நீங்களே கொண்டுபோய்க் குடுங்கய்யா. வீட்ட நாங்க பாத்துக்கிடுதோம்." ஆகையால் இதில் தபால்தலையைத் தேடாதே. படித்து முடித்துவிட்டாயா? நிமிர்ந்து பார். உன் எதிரேதான் நிற்கிறேன்.